பாத்திரமறிதலும் புத்தக தானமும்

கல்வியைப் பாத்திரமறிந்தே ஈதல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. இன்னாருக்குப் பாடம் சொல்லலாகாது என்று நன்னூற் பாயிரம் ஒரு பட்டியலே தருகிறது. அங்ஙனமிருக்க, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துவந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பதவியேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், வாசகன் தானே அலமாரிகளிடையே சென்று வேண்டிய நூலை எடுத்துப் பார்க்கலாமென வழிதிறந்ததும், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிட்டவேண்டுமென்பதைத் தாம் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளுள் ஒன்றாக வகுத்ததும் அக்கொள்கைக்கு முரணன்றோ என்னும் ஐயம் எழலாம்.

எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதிகாரி பேதம், அதாவது கற்பவனின் தகுதி வேறுபாடு, பார்த்த ஆசிரியருக்கு மாணவன் எதிரே அமர்ந்திருந்தான். அவன் யோக்கியதையைப் பழகி நிச்சயிக்க அவரால் இயன்றது. (யோக்கியதை என்ற பெயரால் குலத்தை நிறுத்துப் பார்த்தவர்களும் உண்டு; அவ்வழக்கை இங்கே விரிக்கவில்லை.) நூலகரோ வருகிறவனுடைய அந்தராத்மாவை அறியார், அறிய அவருக்கு உரிமையுமில்லை. புத்தகத்தின் கடைசித் தாளில் ஒட்டிய சீட்டிலே, ஊதா மையில் கோணல்மாணலாக விழுந்திருக்கும் தேதி முத்திரைகளைப் பாருங்கள்: திருப்பித் தரவேண்டிய நாள் இருக்கிறது, வாங்கியவன் பெயருமில்லை, குலமுமில்லை, எதற்காக வாங்கினான் என்பதுமில்லை. வித்தியாதானத்தில் கொடுப்பவனுடைய அகங்காரம் அற்றுப்போவதற்கு இதனினும் ஏற்ற ஏற்பாட்டை நான் கண்டதில்லை. திரும்பி வராத நூல்களைக் குறித்து நூலகர்கள் வேறு அபிப்பிராயம் சொல்லக்கூடும்.