தெரிந்தும் செய்தது யார்?



போன வாரம் அம்பத்தூரில் ஒரு பெட்டிக்கடை. யூனிஃபார்மோடு வந்த பையன் புகையிலை வாங்கி உதட்டுக்குள்ள அடக்கினான். புற்றுநோய் வரும்னு பாடத்துல படிச்சிருப்பான். தெரிஞ்சும் செஞ்சான்.

18 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள்ள யாருக்குமே விற்கக்கூடாதுனு 2003-லயே சட்டம் வந்தாச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம பைக்கை எடுத்துட்டுப் போயிட்டேன். அப்போ யார் தப்பு பெருசு?

மார்க் குறைஞ்சா பிள்ளையைத் திட்டறோம். "என்னப்பா ஆச்சு?"னு கேட்கிறோமா? சுவாமிமலையில் சிவபெருமானே மகன் முன்னாடி சீடனாக உட்கார்ந்து கேட்டார். நாமும் முதலில் கேட்போம். பழக்கத்தை விட நினைக்கிற பிள்ளைக்கு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் கொடுப்போம்.

வேலும் மயிலும் துணை!