கூனும் வினையும்

முதுகெலும்பைத் தாக்கும் காசநோயால் ஒருவருக்குக் கூன் விழும்போது, அது அவருடைய முற்பிறவிச் செயலின் பயனே என்று கூறுவது இந்தியச் சமய மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கமாகும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது: பல பிறவிகளில் திரண்டு கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து பொருந்தியது பிராரத்தம், அதனை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இவ்வகுப்பின்படி நோய் பிராரத்தத்தின்பாற்படும்.

மருத்துவம் காணும் காரணம் வேறு. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் முதுகு வளைவும் கால்களின் செயலிழப்பும் சேர்ந்து வரும் நிலையை விவரித்தார். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். காற்றின் வழியே நுரையீரலை அடையும் அக்கிருமி இரத்தத்தின் மூலம் முள்ளெலும்பை எட்டி அதன் முன்பகுதியை அரிப்பதால், எலும்பு முன்புறம் சரிந்து கூன் உண்டாகிறது. அங்கே திரளும் சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன.

கிருமி கண்டறியப்பட்டதனாலேயே வினைக்கோட்பாடு மறுக்கப்பட்டுவிடாது. தொற்றுக்கு உள்ளானோரில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயுறுகின்றனர் என்பதால், இவர் மட்டும் ஏன் என்ற வினா எஞ்சுகிறது. கிருமியும் வினையின் கருவியே என வினைவாதி விடை கூறலாம். ஆனால் தீவினை துன்பம் தரும் என்று கொண்டாலும், துன்புறுவோர் அனைவரும் தீவினையாளர் என்பது அதிலிருந்து பெறப்படாது. பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தின் சிவக சுத்தம் என்னும் சூத்திரத்தில் புத்தர், பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், முறையற்ற பேணல், பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணி, நுகரப்படுவன யாவும் முன்வினையால் விளைந்தவை என்னும் கொள்கையை மறுக்கிறார்.

எஞ்சிய வினாவுக்கு மருத்துவம் ஊட்டக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று ஆகியவற்றைச் சுட்டுகிறது. இவற்றுள் ஊட்டக்குறைவு பெரும்பாலும் வறுமையின் விளைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையில் நடத்திய ஆய்வுகளோ, முதுகெலும்புக் காசநோயர் பலர் அறுவையின்றி, நடமாடிக்கொண்டே மருந்துகளால் குணமடைய முடியும் என்று காட்டின. நோயுற்றவரின் பிராரத்தம் எதுவாயினும் அது பிறர் அறிவுக்கு எட்டாதது. ஆனால் குணப்படுத்தும் மருந்து இருந்தும் அது அவரைச் சென்றடையாமல் விடுவது, அக்கோட்பாட்டின்படியே, விட்டவரின் ஆகாமியம்.