இடுக்கண் அழியாமை யாருடைய கடமை?
பொதுமுடக்கக் கால மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் மிகுதியாக வழங்கிய சொற்களுள் ஒன்று 'மனவலிமை'. வீட்டினுள் அடங்கியிருந்த மக்களை நோக்கி, அஞ்சாதீர், சோர்வடையாதீர், மனத்தைத் திடமாக வைத்துக்கொள்வீர் என்று அறிஞரும் அலுவலரும் ஊடகத்தாரும் அறிவுறுத்தினர். நல்லெண்ணத்தின்பாற்பட்ட இவ்வறிவுரையினுள் ஓர் அறவினா மறைந்து நிற்கிறது. துன்பத்தில் உள்ளம் உடையாதிருத்தல் என்பது துன்புறுவோன் தானே தேடிக்கொள்ள வேண்டிய பண்பா? அன்றி, அவனைச் சூழ்ந்த சமுதாயமும் அரசும் அவனுக்கு ஆக்கித்தர வேண்டிய நிலையா? உடைந்துபோனவனை 'மனவலிமை அற்றவன்' எனக் கூறுதல் தகுமா? கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியைக் களனாகவும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் திருக்குறளின் அதிகார வைப்பையும் கருவியாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

களனும் காலமும்

இந்தியாவின் முதல் கொரோனாத் தொற்று 2020 சனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் உறுதி செய்யப்பட்டது. மார்ச் 23 அன்று கேரள அரசு மாநிலம் முழுமைக்கும் முடக்கத்தை அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டது. மார்ச் 28 அன்று கேரளத்தின் முதல் கொரோனா இறப்பு பதிவாயிற்று. இறந்தவர் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த முதியவர். நோய் குறித்த அச்சம் மாநிலத்தின் பிற பகுதிகளில் செய்தியாக நின்றபோதே, இப்பகுதி மக்களுக்கு அது அண்டை வீட்டு நிகழ்வாகிவிட்டது.

மட்டாஞ்சேரி பன்மொழி மக்கள் வாழும் பழைய வணிகப் பகுதியாகும். 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகையிடமும், டச்சு அரண்மனை எனப்படும் பழைய அரண்மனையும், நறுமணப்பொருள் கிடங்குகளும் இங்குள்ளன. மலையாளிகளோடு கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல இனத்தார் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். அண்மையிலுள்ள கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் இடத்தில் தமிழ் வண்ணார் சமூகத்தாரின் சலவைக்கூடம் இயங்கி வருகிறது. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி.

இத்தகைய பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள் மிகுதி. பகலெல்லாம் தெருவும் கடைத்திண்ணையும் கடற்கரையும் வீட்டின் நீட்சியாக இருந்தமையாலேயே அச்சிறு வீடுகளில் வாழ இயன்றது. 'வீட்டிலேயே இருங்கள்' என்னும் ஆணை, இருப்பதற்கேற்ற வீடு எல்லார்க்கும் உண்டு என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது. பல அறைகளும் மாதச் சம்பளமும் உடையார்க்கு அது ஓய்வு. ஓரறையில் ஐவர் வாழும் நாட்கூலிக் குடும்பத்திற்கு அது அடைப்பு. ஆணை ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை நகைக்கு அடுத்து வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கை அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறார். பிறரால் இகழப்பட்டு எளியராதலை இளிவு என்றும், சுற்றத்தையும் இன்ப நுகர்ச்சியையும் இழத்தலை இழவு என்றும், முன்னைய நிலைமை கெட்டு வேறாகி வருந்துதலை அசைவு என்றும் பேராசிரியர் விளக்குவர். மெய்ப்பாட்டியல் செய்யுள் பற்றியதே எனினும், மக்கள் உள்ளத்தைக் கூர்ந்து நோக்கி அமைந்தமையால் வாழ்வியலுக்கும் அது பொருந்துவதாகும்.

பொதுமுடக்கக் காலத்தில் இந்நான்கும் ஒருங்கே நேர்ந்தன. தொற்றுக்கு ஆளானோரின் வீட்டைச் சுட்டிக்காட்டி விலகி நடந்தமை இளிவு. நோயுற்றிறந்தோரின் உடலை வீட்டிற்குக் கொணரவோ, உறவினர் கூடி அழவோ இயலாமற் போனமை இழவு. சுற்றுலாவை நம்பிய பகுதியில் விடுதிகள் ஒரே நாளில் மூடப்பட, வெளுப்பதற்குத் துணியின்றிச் சலவைக்கல் காய்ந்தமையும், வழிகாட்டியும் படகோட்டியும் வேலையற்று வீட்டில் அமர்ந்தமையும் அசைவு. அதன் தொடர்ச்சி வறுமை.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இந்நான்கனுள் ஒன்றேனும் அழுகின்றவனின் குணக்குறைபாடாகச் சுட்டப்படவில்லை. நான்கும் ஒருவனுக்கு நேர்வன. உரையாசிரியர்கள் தன்கண் தோன்றும் அழுகையோடு பிறன்கண் தோன்றியது பற்றி எழும் அழுகையையும் உடன்வைத்து எண்ணுவர். எனவே, துன்பத்தைத் தனியொருவரின் உள்ளத்தினுள் மட்டும் அடங்கிய நிகழ்வாகத் தமிழ் மரபு கருதவில்லை என்பது புலனாகிறது.

அதிகார வைப்பு உணர்த்தும் அறம்

துன்பத்தில் கலங்காமையைக் கூறும் 'இடுக்கண் அழியாமை' திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகும். தனிமனித ஒழுக்கம் கூறும் அறத்துப்பாலில் இது வைக்கப்படவில்லை. பொருட்பாலில், இறைமாட்சியில் தொடங்கும் அரசியலின் இறுதி அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. இதற்கு முன்னே சுற்றந்தழால், செங்கோன்மை, கண்ணோட்டம், ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை முதலியன கூறப்பட்டுவிட்டன. அஃதாவது, சுற்றத்தைத் தழுவி, முறைசெய்து, இரக்கம் காட்டி, முயன்ற பின்னும் வரும் துன்பத்தில் கலங்காதே என்பது முதற்கண் ஆள்வோனை நோக்கிய அறமாகிறது. இப்பண்பு ஏனையோர்க்கும் பொருந்தும் என்பது உண்மையே. ஆயினும், அந்நூலே 105ஆம் அதிகாரமாகிய நல்குரவில் வறியவனை நோக்கி 'நகுக' எனக் கூறாமல் வறுமையின் கொடுமையையே விரித்துரைப்பது எண்ணத்தக்கது. பொறுப்புடையோனிடம் வேண்டப்படும் கலங்காமையைப் பொறுப்பேதும் இல்லாது துன்பம் மட்டும் உடையோனிடம் வேண்டுதல் வைப்புமுறையைத் தலைகீழாக்குதலாகும்.

இன்றைய உளவியலும் இதனையே வேறு வழியில் காட்டுகிறது. அவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் சுமித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல் முதலிய பல இடர்களுக்கு ஆளான குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திறமும் அன்பும் உடையோராக வளர்ந்தனர். அவர்க்கு வாய்த்த துணைகளுள் முதன்மையானது, பெற்றோராயினும் உறவினராயினும், நிலையான அன்பு காட்டிய ஒருவரேனும் இருந்தமையாகும். மனவலிமை அரியோர் சிலரின் தனிச்சிறப்பன்று. உறவும் பள்ளியும் ஊரும் இயல்பாக இயங்குமிடத்து விளையும் பொதுப்பண்பு என்பது இத்துறை ஆய்வுகளின் சாரம் எனலாம். பொதுமுடக்கம் அறுத்ததும் இவ்வியல்பான இயக்கத்தையே. பெருந்தொற்றின் முதலாண்டில் உலகளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு உயர்ந்தன என 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தமைக்குக் காரணத்தை இதனோடு இணைத்துக் காணலாம்.

கேரளத்தில் நிகழ்ந்தவை

மதுக்கடைகள் மூடப்பட்ட சில நாட்களில், மதுவுக்கு அடிமையானோர் சிலர் தம்முயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. பலர் இதனை ஒழுக்கக்கேடாகவும் உறுதியின்மையாகவும் பேசினர். நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்தின் உடல் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றும். அது மருத்துவம் வேண்டும் நோய்நிலை. மருத்துவர் சீட்டுடன் மது வழங்கலாம் என மார்ச் 30 அன்று அரசு ஆணையிட, மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. மதுவை மருந்தாக எழுதுதல் மருத்துவ அறமாகாது என்பது ஏற்கத்தக்கதே. எனினும், முடக்கத்தை ஆணையிடுவோர் அதனால் உடையக்கூடியோரை முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும் என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டுகளும் உள. தனிமைப்படுத்தப்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்து உளநல அறிவுரையாளர் உரையாடும் திட்டத்தை அரசு நடத்தியது. 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்பது அதன் பெயர்; தனியாக இல்லை, உடன் இருக்கிறோம் என்பது பொருள். துன்புற்றோர் தேடிவரக் காத்திராமல் அரசே அழைத்தமை இதன் சிறப்பு. உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ மகளிரும் சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தினர். குடும்ப அட்டைதாரர்க்கு விலையில்லா அரிசியும் மளிகைப் பொருட்களும் வழங்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் நடுவில், நோயால் இறந்தோர் உடலைச் சடங்குகளுக்காகச் சிறிது நேரம் வீட்டில் வைக்க இசைவளிக்கப்பட்டது. அரிசி வறுமையையும், அழைப்பு இளிவையும், அச்சிறு பொழுது இழவையும் ஓரளவு தணித்தன. உளநலப் பாதுகாப்பு என்பது அறிவுரையில் தொடங்காமல் அடுப்பில் தொடங்குவது என்பதற்கு இவை சான்று.

ஒரு மாறுபாடும் விடையும்

எல்லாம் சூழலே எனின், தனிமனிதரின் உறுதிக்கு இடமில்லையோ என வினவலாம். நாசி வதைமுகாம்களினின்று மீண்ட உளமருத்துவர் விக்டர் பிராங்கல், யாவும் பறிக்கப்பட்ட நிலையிலும் தன் துன்பத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் உரிமை மனிதனுக்கு எஞ்சுகிறது என்றார். இது மறுக்கவியலாத உண்மை. ஆனால், அவர் அதனைத் தாம் பட்ட துன்பத்திலிருந்து பேசினார். 'நான் தாங்குவேன்' எனத் தன்மையில் ஒருவன் கூறுமிடத்து அது பெருமிதம்; 'நீ தாங்கு' என முன்னிலையில் பிறன் கூறுமிடத்து அதுவே சுமையாகிறது. சொல் ஒன்றே, இடம் மாற அறமும் மாறுகிறது.

முடிவுரை

தமிழில் 'நாங்கள்' என்பது கேட்போரை நீக்கி நிற்பது. 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்துவது. 'நாம் தாங்குவோம்' என்பதே பெருந்தொற்றுக் காலத்திற்கு உரிய கூற்றாகும். எனினும் அச்சொல்லைக் கூறுவோர் சுமையில் தம் பங்கை ஏற்றிருத்தல் வேண்டும். மருத்துவ உதவியும் உணவும் இரங்கலுக்கு இடமும் அளித்த பின்னரே ஒருவரிடம் மனவலிமையை எதிர்நோக்கும் உரிமை சமுதாயத்திற்கு உண்டாகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உளநல மருத்துவத்தை உரிமையாக ஏற்றுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் அழைக்கலாம். உலகளாவிய நெருக்கடிநிலை 2023 மே 5 அன்று முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்ததொரு பெருந்தொற்று வருமாயின், வீட்டிலிருக்க ஆணையிடுமுன் அவ்வீட்டில் அறைகள் எத்தனை, அடுப்பு எரிகிறதா, பேசத் துணை உண்டா என வினவுதல் ஆள்வோரின் கடமை. அவ்வினாவோடு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுதல் நம் கடமை.