மேற்கோள்குறியை எங்கே மூடுவது?

ஆங்கிலத்தில் அயற்கூற்றை நேர்கூற்றாக்கும் கேள்வி என்றால் பிள்ளைகளுக்குக் குஷி. 'தட்'டைத் தூக்கு, 'ஹி'யை 'ஐ' ஆக்கு, இறந்தகாலத்தை நிகழ்காலமாக்கு, குறி போட்டு மூடு, மார்க் விழுந்துவிடும். டியூஷனில் நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனாலும் ஓர் உறுத்தல். 'ஷி செட் தட் ஷி ஹேட் சீன் ஹிம்' என்றால் அவள் என்னதான் சொன்னாள்? 'ஐ சா ஹிம்' என்றிருக்கலாம், 'ஐ ஹேவ் சீன் ஹிம்' என்றிருக்கலாம், 'ஐ ஹேட் சீன் ஹிம்' என்றேகூட இருக்கலாம். அயற்கூற்றில் மூன்றுக்கும் ஒரே உருவம். போகும்போது விதி உண்டு. திரும்பி வரும்போது ஊகம்தான். பரீட்சையில் ஊகத்துக்கும் முழு மார்க். வேதத்தில்?

யோவான் சுவிசேஷம் மூன்றாம் அதிகாரம். இரவில் தேடிவந்த நிக்கொதேமுவிடம் இயேசு பேசுகிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 16ஆம் வசனம் அங்கேதான் வருகிறது. அதைச் சொன்னது இயேசுவா, யோவானா? பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள்குறியே கிடையாது. 16 முதல் குமாரனைப் பற்றிய பேச்சு படர்க்கையில், நடந்து முடிந்த செய்தியாகப் போகிறது. ஆகவே அது சுவிசேஷகரின் குரல் என்பார்கள் சிலர். தம்மையே 'மனுஷகுமாரன்' என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டவர்தானே இயேசு என்பார்கள் மற்றவர்கள். தன்மை, படர்க்கை என்ற இடமும் காலமும்! நாங்கள் வகுப்பில் மாற்றி மாற்றி எழுதும் அதே இரண்டு. ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன் 15ஆம் வசனத்திலேயே குறியை மூடிவிட்டது. வேறு பல ஆங்கில மொழிபெயர்ப்புகள் 21 வரை இழுத்துக்கொண்டு போகின்றன.

1899இல் நியூயார்க்கில் லூயிஸ் கிளாப்ஷ் இயேசுவின் சொற்களை மட்டும் சிவப்பு மையில் அச்சிட்டுப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அந்தச் சிவப்பு சந்தேகத்தை இன்னும் மறைத்துவிட்டது என்பேன். அச்சுக் கோப்பவரிடம் 'தெரியவில்லை' என்பதற்கு ஒரு மை இல்லையே!

யோவானின் சொல் என்றால் வசனத்தின் மதிப்பு குறையுமா? குறையாது. கேட்டதை உள்வாங்கித் தன் வாயால் சொல்வதும் சாட்சிதான். பௌத்த சூத்திரங்கள் பலவும் கேட்டவனை முன்னிறுத்தியே தொடங்குகின்றன. கேட்டவர் புத்தரின் சீடர் ஆனந்தர் என்பது மரபு. அதனால் புத்தருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கேட்டவன் தன் ஊகத்தைச் சொன்னவர் வாயில் வைத்துப் பூட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆங்கில பைபிள் இரண்டு பதிப்புகள் கிடைத்தால் யோவான் 3ஐ அருகருகே வைத்துப் பாருங்கள். குறி எங்கே மூடுகிறது என்று தேடுங்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்பு இருந்தால் அதையும் விடாமல் படியுங்கள்.