பொன் மீனும் பதினோராம் வகுப்பும்

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஒரு தடவையாவது சொல்லாத வாத்தியார் தமிழ்நாட்டில் இருக்கிறாரா என்பது எனக்குச் சந்தேகம். சொல்கிறவர் நெற்றியில் திருநீறு இருக்கும். அறுபத்து மூவரில் ஒருவரான ஆனாய நாயனாரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாயர் பார்த்த வேலையே மாடு மேய்ப்பதுதான். லால்குடிப் பக்கம் திருமங்கலத்தில் பூத்து நின்ற கொன்றை மரத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிவன் நினைவு வந்தது. ஐந்தெழுத்தைக் குழலில் வைத்து ஊதினார். மாடும் மானும் மயிலும் அசையாமல் நின்று கேட்டன. இறைவனே வந்து அழைத்துப் போனார். பிரகாரத்தில் அவரைக் கும்பிட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தால் அவருடைய தொழில் நமக்கு வசவாகிவிடுகிறது.

எங்கள் ஊரில் மாட்டுக்குப் பதில் வலை. "படிக்கலைன்னா வலை இழுக்கத்தான் போவே." நாகப்பட்டினம் கடலோரத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வணிகவியல் ஆசிரியை. எங்கள் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வலை இழுக்கிறவர்கள், அம்மாக்கள் மீன்கூடை சுமக்கிறவர்கள். அந்த வசவைக் கேட்கிற பையன் மறுநாள் காலையில் அப்பா கொண்டுவந்த மீனில்தான் சோறு சாப்பிடுவான்.

2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தபின் மேற்படிப்பு வழிகாட்டுதலும் என் வேலையோடு சேர்ந்தது. கட்-ஆஃப், கலந்தாய்வு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப்பெண்ணில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். அதற்கு ஞானம் ஒன்றும் வேண்டாம், சுற்றறிக்கை இருந்தால் போதும். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா சொன்ன ஒரே வரி. "கடவுள் குடுத்த தொழில்தான் டீச்சரம்மா. ஆனா எம் புள்ளைக்கு வேணாம்."

அவர் முரண்பாடாக எதையும் சொன்னதாக நினைக்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கடவுள் கொடுத்தது என்றால் பிள்ளைக்கு ஏன் வேண்டாம்? பிள்ளைக்கு வேண்டாத ஒன்றை அப்பாவுக்கு மட்டும் கடவுள் ஏன் கொடுத்தார்? ஒரு மனிதன் செய்யும் வேலை அவன் பிறக்கும்போதே எழுதப்பட்டதா, இல்லை அவன் எழுதிக்கொள்வதா? பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்கு இதுதான்" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் மிகப் பழைய பதில் ஒன்று உண்டு. பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன்னுடையதைக் குறையோடு செய்வதே மேல் என்று கீதை மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் சொல்கிறது. தன்னுடையது எது என்பதில்தான் சிக்கல் அத்தனையும். குணத்தால் தன்னுடையதா, குலத்தால் தன்னுடையதா? உரைகாரர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள். ஊர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. காந்தியும் நெடுநாள் பரம்பரைத் தொழிலே போதும் என்ற பக்கம்தான் நின்றார். 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலை எழுதிய அம்பேத்கர், காந்திக்கு அளித்த மறுமொழியில் ஓர் எளிய கேள்வி கேட்டார்: வணிகக் குலத்தில் பிறந்து, திவான்கள் வீட்டில் வளர்ந்து, வழக்கறிஞரான காந்தி தம் பரம்பரைத் தொழிலைச் செய்தாரா? என் வகுப்புப் பெண்களே கேட்கக்கூடிய கேள்வி அது. அதற்கு நேரான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் இது வெறும் வேதாந்தச் சண்டையாக நிற்கவில்லை. ஓர் ஆட்சியின் தலைமையையே மாற்றியது. கீதையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். அவர் பக்கத்துக் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்: பள்ளியும் ஆசிரியரும் போதவில்லை, இரண்டு முறையாக நடத்தினால் இருக்கிற கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கணக்கு சரிதான். ஆனால் மீதி நேரத்துக்குச் செருப்புத் தைப்பவர் மகனை எங்கே அனுப்பினார்கள், வக்கீல் மகனை எங்கே அனுப்பினார்கள் என்று பெரியார் பக்கம் கேட்டார்கள். 'குலக்கல்வி' என்று அவர்கள் வைத்த பெயரே நிலைத்தது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. (இரவில் கடலுக்குப் போய்க் காலையில் திரும்பி உச்சிவெயிலில் தூங்குகிற அப்பாவிடம் எங்கள் பிள்ளைகள் பகலில் எதைக் கற்றிருப்பார்கள் என்பதையும் யாராவது கேட்டிருக்கலாம்.)

முடிந்த கதை இல்லை இது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-இல் வந்தது. அதிலுள்ள 18 தொழில்களில் படகு கட்டுவதும் மீன்வலை பின்னுவதும் உண்டு. சேர 18 வயது நிறைந்தால் போதும், ஆனால் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழக அரசு கேட்டது. கிடைக்காதபோது கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே தொடங்கி 35 வயதை வைத்தது. அரசியல்வாதிகள் இதை அரசியலாகப் பேசினார்கள். எனக்கு அந்த இரண்டு எண்களும் இரண்டு சமயக் கொள்கைகளாகவே தெரிகின்றன. 18 என்பது எங்கள் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியா கடலா என்று வாசலில் நிற்கிற வயது. 35 என்பது அவன் ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் கை பழகி, இது என்னுடையது என்று சொல்லத் தொடங்கிய வயது.

என் பதிலை நான் தேடியது எங்கள் ஊர் நாயனாரிடம். நாகைக்குப் பக்கத்து நுழைப்பாடியில் இருந்தவர் அதிபத்தர், பரதவர். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பிறகு நாளுக்கு ஒரே மீன்தான் விழத் தொடங்கியது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. ஒருநாள் அந்த ஒரே மீன் பொன்னும் மணியுமாக ஜொலித்து வந்தது. அதையும் விட்டார். நீலாயதாட்சி கோயிலில் ஆவணி ஆயில்யத்தன்று இதை விழாவாக எடுத்து, பொன் மீனைக் கடலில் விடும் காட்சியை நடத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள்.

தொழில் எவ்வளவு தாழ்ந்ததானாலும் பக்தியோடு செய்தால் முக்தி உண்டு என்றுதான் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் 'தாழ்ந்த' என்பதை முதலில் நுழைத்துவிட்டுப் பிறகு கருணையோடு மன்னிக்கிறார்கள். நான் கதையை வேறு இடத்தில் பிடிக்கிறேன். அதிபத்தர் பெரியவரானது மீன் பிடித்ததால் இல்லை. அந்தக் கடற்கரையில் எல்லோரும்தான் மீன் பிடித்தார்கள். கையில் இருந்த மீனை வைத்துக்கொள்ள அவரால் முடியும் என்பதுதான் கதையின் உயிர். வைத்துக்கொள்ள முடிந்தவர் விட்டதால்தான் அது காணிக்கை. பிடுங்கப்பட்டிருந்தால் அது வரி. கொடுப்பதற்கு முன்னால் அது தன்னுடையதாக இருக்க வேண்டும்.

தொழிலும் அப்படியே என்று எனக்குத் தோன்றுகிறது. கடலை விட்டுப் போக வழி இருந்தும் கடலுக்குப் போகிற பையன் தன் உழைப்பைக் கடவுளுக்கோ ஊருக்கோ கொடுக்கிறான் என்று சொல்லலாம். வேறு வழியே இல்லாமல் படகில் ஏற்றப்பட்டவனிடம் போய் "உன் தொழில் புனிதமானது" என்று சொல்வது அவன் கையில் இல்லாததைத் தானம் செய்யச் சொல்வது. வேலைக்கு மரியாதை கொடுப்பது ஒரு கடமை, வேலையைப் பிள்ளையின் தலையில் எழுதாமல் இருப்பது இன்னொரு கடமை. முதலாவதைச் சொல்லியே இரண்டாவதை ஏமாற்றிவிடுகிறார்கள். எங்கள் பள்ளிகளிலோ இரண்டாவதைச் சொல்லி முதலாவதைக் கொன்றுவிடுகிறோம். அந்த அப்பா சொன்ன வரியில் இரண்டும் முழுசாக இருந்தன.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவர் பாட்டுக்கு மீனை விட்டுட்டார் மிஸ். வீட்ல பட்டினி கிடந்தவங்களை யாராவது கேட்டாங்களா?" இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரிடம் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவள் அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். ஆண்கள் தங்கள் தொழிலை வழிபாடாகச் செய்யும்போது அதன் செலவை வீட்டுப் பெண்கள் ஏற்கிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. தொழிற்கல்வி பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. 'உனக்குப் பிடித்ததைச் செய்' என்கிறார்கள். பிடித்ததைச் செய்கிறவனுக்குச் சோறு போடுவது யார் என்பது பாடத்திட்டத்தில் கிடையாது.

புராணத்தை நான் அழகாக்கிக் காட்டவும் விரும்பவில்லை. அதே புத்தகத்தில்தான் நந்தன் இருக்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கு நரம்பும் கொடுத்தவர். தோல் உள்ளே போனது, கொடுத்தவர் வெளியே நின்றார். தில்லையில் தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. காஞ்சிபுரத்து வண்ணார் திருக்குறிப்புத் தொண்டரை அவர் துணி துவைத்த கல்லருகிலேயே இறைவன் கை நீட்டித் தடுத்துக் காப்பாற்றினார், உருவம் மாறச் சொல்லவில்லை. இரண்டு கதைகளும் ஒரே நூலில் அடுத்தடுத்து இருக்கின்றன. நம் மரபு இந்த விஷயத்தில் ஒரே பேச்சாகப் பேசவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாங்கள் செய்வதைப் பாருங்கள். அதிக மதிப்பெண் என்றால் உயிரியல்-கணிதம், கொஞ்சம் குறைந்தால் கணினி, அதற்கும் கீழே வணிகவியல், எதிலும் இடமில்லை என்றால் தொழிற்பிரிவு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. கைத்திறனுக்கு மரியாதை செய்யும் நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அது தோற்றவர்களின் வரிசையாகிவிட்டது. குலம் பார்த்து ஒதுக்கியதை நிறுத்திவிட்டு மதிப்பெண் பார்த்து ஒதுக்குகிறோம். ஒதுக்குவது நிற்கவில்லை. எனக்கு எரிச்சல் தருகிற வேடிக்கை ஒன்று உண்டு. மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இலிருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. செதிலைப் பார்த்தே மீனின் பெயர் சொல்கிற, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று அலையைப் பார்த்துச் சொல்கிற பையன் என் வணிகவியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். மீன்வள அறிவியல் பட்டத்துக்கு அவன் விண்ணப்பிக்கவே முடியாது, உயிரியல் படித்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் யாரோ ஒருவர் பட்டியல் பார்த்துப் போட்ட கையெழுத்து அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் அங்கே ஒரு கதவு இருந்ததே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கே போய்ப் பேசுகிறேன். தலைமையாசிரியருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டாக்டர் பிள்ளை டாக்டராவதையும் வக்கீல் பிள்ளை அப்பாவின் அலுவலகத்திலேயே மேஜை போட்டுக்கொள்வதையும் யாரும் குலக்கல்வி என்று சொல்வதில்லை. அங்கே விட்டுப்போக வழி இருக்கிறது, அதனால் தொடர்வது பெருமையாகிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வழி வந்துவிட்டால், கடலுக்குத் திரும்புகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளஸ் டூ முடிவு அதற்கு நடுவே மே மாதத்தில் வருகிறது. விசைப்படகு அப்பாக்கள் எல்லோரும் கரையில், வலையைச் செப்பனிட்டுக்கொண்டு, கையில் காசில்லாமல், நேரத்தோடு இருக்கிறார்கள். பிள்ளையோடு பள்ளிக்கு வரவும் முடிகிறது. சென்ற மே மாதம் அப்படி ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். மீன்வளம் படிக்கிறேன் என்றான். அப்பாவுக்கு அந்தப் பெயரே ஆகவில்லை. "மீனுங்கற வார்த்தையே இருக்கக் கூடாதும்மா. நர்சிங் போடுங்க, ஆபீஸ் வேலை போடுங்க." பல்கலைக்கழகம் படகு இல்லை என்று விளக்கினேன். மீனவர் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு என்றும் சொன்னேன். "அந்த ஒதுக்கீடும் மீனவன்னு சொல்லித்தானே குடுக்குறான்" என்றார். அதில் உண்மை இருந்ததால் நான் பேசவில்லை. மகன் பேசினான். "நீ போற கடலுக்குள்ள என்ன இருக்குன்னு நீயே பார்த்ததில்லப்பா. நான் பார்க்கணும்." அப்பா எழுந்துவிட்டார். நர்சிங்குக்கு ஒன்று, மீன்வளத்துக்கு ஒன்று என்று இரண்டு விண்ணப்ப விவரத்தையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டின் கடைசித் தேதியையும் அடிக்கோடிட்டேன். தாளைப் பையனிடம் நீட்டினேன், அப்பா வாங்கிக்கொண்டார். வாசல் வரைக்கும் சண்டை கேட்டது.