கல்லுக்கு எதற்கு பாஸ்போர்ட்?

சிறுநீரகக் கல்லில் ஒரு விசித்திரம் உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிச் சிறுநீரோடு போய்விடும். சில நாளில் போகும், சில வாரத்தில் போகும். வைத்தியத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்தச் சில வாரத்தில் நோயாளி வாழைத்தண்டுச் சாறு குடித்திருந்தால் புகழ் வாழைத்தண்டுக்கு. நெருஞ்சில் கஷாயம் குடித்திருந்தால் வைத்தியருக்கு. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தால் குலதெய்வத்துக்கு. விமானம் ஏறிப்போய் வெளிநாட்டுச் சிறப்பு மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்த மருத்துவமனைக்கு. விழுந்தது ஒரே கல்தான்; பங்கு கேட்டு வருகிறவர்கள்தான் பலர்.

கஷாயத்தையும் காசு முடிவதையும் பார்த்துச் சிரிக்க நம் பகுத்தறிவாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். விமான டிக்கெட்டைப் பார்த்து மட்டும் ஏன் சிரிப்பு வருவதில்லை?

படித்தவன் ஏமாற மாட்டான் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1739இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே ஜோனா ஸ்டீஃபன்ஸ் என்ற பெண்மணியின் ரகசியக் கல் மருந்துக்கு 5,000 பவுண்டு தரச் சட்டம் போட்டது. ரகசியம் வெளியானது: சுட்ட முட்டை ஓடு, சுட்ட நத்தை, சோப்பு, தேன், சில பச்சிலைகள். அதைச் சோதித்துப் பார்க்க நியமித்த குழுவில் பேராயர் இருந்தார், பிரபுக்கள் இருந்தார்கள், பேர்பெற்ற மருத்துவர்களும் இருந்தார்கள். மருந்து தின்றவர்களின் மூத்திரப்பைக்குள் கருவியை விட்டுத் துழாவினார்கள். கல் தட்டுப்படவில்லை, ஆகவே கரைந்துவிட்டது என்று தீர்ப்பானது. மருந்து தின்னாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க, ஒப்பிட ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே நாட்டில் 2015இல் ஒரு விடை வந்தது. சிறுநீர்க் குழாயில் கல் சிக்கிய 1,167 பேர். சிலருக்குக் கல்லை இறக்குவதற்கென்று உலகமெங்கும் எழுதித் தரப்படும் டாம்சுலோசின், சிலருக்கு நிஃபெடிபின் என்ற வேறொரு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, தின்றவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். டாம்சுலோசின் தின்றவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படவில்லை. நிஃபெடிபின் கூட்டத்தில் 80. வெற்று மாத்திரையிலும் 80. நம் ஊரில் அந்த வெற்று மாத்திரைக்கு ஒரு லேபிளும் ஒரு தாடியும் மட்டும் கிடைத்திருந்தால் இந்நேரம் ஏழு கிளை திறந்திருக்கும்.

வெளிநாட்டுக்குப் போவதில் எக்காலத்திலும் அர்த்தம் இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 1980 பிப்ரவரி 7ஆம் தேதி ம்யூனிக் பல்கலைக்கழகத்தின் குரோஸ்ஹாடர்ன் மருத்துவமனையில் கிறிஸ்டியான் சௌஸி குழுவினர் முதன்முறையாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லைக் கத்தி படாமல் உடைத்தார்கள். கருவியைச் செய்து கொடுத்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன ஆகிறது என்று ஆராயப்போன இடத்தில் பிறந்த யோசனை அது. நோயாளியை ஒரு தொட்டியில், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறக்குவார்கள். அடியில் கிண்ணம்போல ஒரு குழிவு. அதற்குள் கார் எஞ்சின் பிளக்கில் தெறிப்பதைப் போலத் தண்ணீருக்கடியில் தீப்பொறி தெறிக்கும். அதிலிருந்து கிளம்பும் அதிர்வலை தண்ணீர் வழியாக, தோல் வழியாகப் போய் எக்ஸ்ரே காட்டிய புள்ளியில் குவியும். இதயத் துடிப்போடு தாளம் பிசகாமல் நூற்றுக்கணக்கான தடவை. கல் மணலாகி வெளியே வரும். தொடக்க ஆண்டுகளில் இந்தத் தொட்டி வேறெங்கும் கிடையாது. அன்றைக்கு ம்யூனிக்குக்கு டிக்கெட் எடுத்தவன் அறிவாளிதான்.

இன்றைக்கு? கல்லின் அளவும் இடமும் சொல்வது மருந்தேற்றாத சி.டி. ஸ்கேன். அது கோயம்புத்தூரில் எடுத்தாலும் ஜெர்மனியில் எடுத்தாலும் ஒரே படம். சின்னக் கல்லுக்கு அதிர்வலை அல்லது குழாய் வழியாக லேசர், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பது. இங்கேயும் இதே முறைதான், பல இடங்களில் அதே கம்பெனிக் கருவிதான். வங்கதேசத்துக்காரர் வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறார், அவருக்கு வேலூர்தான் வெளிநாடு. குணப்படுத்தும் சக்தி தூரத்துக்கு இருக்குமானால், நம்மவரும் அவரும் பாதி வழியில் ஊரை மாற்றிக்கொண்டாலே போதும்.

லேசர் சிகிச்சை முடிந்ததும் சிறுநீரகத்துக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாயைப் பல நேரம் விட்டுவைப்பார்கள். சில நாளிலோ சில வாரத்திலோ எடுத்துவிட வேண்டும். பேக்கேஜில் விமானம், ஓட்டல், மொழிபெயர்ப்பாளர், ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் இருக்கும். ஸ்டென்டை எடுப்பது யார்? ஊர் திரும்பினவருக்கு வலி போய்விட்டது, குழாய் ஞாபகமும் போய்விட்டது. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அந்தக் குழாயைச் சுற்றியே புதுக் கல் படியும்.

வெளிநாட்டிலிருந்து நாம் கொண்டுவர வேண்டிய சரக்கு வேறு. இத்தாலியில் பார்மா நகரத்து லோரிஸ் போர்கி குழுவினர், முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேரிடம், தினமும் இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு. இது வெளிவந்தது 1996இல். 2002இல் அதே குழு இன்னொன்றைச் சோதித்தது. கல் என்றதும் பாலை நிறுத்தச் சொல்கிறோமே, அது சரியா? 120 ஆண்களில், சுண்ணாம்புச் சத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. சுண்ணாம்புச் சத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். குடலுக்குள் சுண்ணாம்புச் சத்து, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளுகிறது; பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தங்கு தடையில்லாமல் சிறுநீருக்குப் போகிறது.

கல்லை உடைப்பவரிடம் போகிற யாரும், அது எந்த நாடாக இருந்தாலும் சரி, ஐந்து வருடம் முன்பு உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பவும் வந்தது என்று கேட்கலாம். கேட்பதில்லை. கேட்டாலும் விளம்பரத் தாளில் அது இருக்காது. தண்ணீர் குடிக்கச் சொல்வதில் யாருக்கும் கமிஷன் இல்லை.

வெளிநாடு என்றதும் இன்னொரு கூட்டமும் நினைவுக்கு வர வேண்டும். அவர்கள் கல்லோடு வெளிநாடு போவதில்லை, வெளிநாடு போய்க் கல்லோடு திரும்புகிறார்கள். வளைகுடாவில் கட்டட வேலை பார்க்கும் நம் ஆட்களைச் சொல்கிறேன். வியர்வையில் தண்ணீர் எல்லாம் போய், மிஞ்சுகிற கொஞ்சம் சிறுநீர் உப்புக் கரைசலாகக் கெட்டித்துவிடுகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மூன்று மணிக்குமேல் அங்கே சூரியன் லீவில் போவதில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து நிற்கும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கழிவறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், போனால் நேரம் குறிக்கப்படும், கழிவறை இருப்பதும் இரண்டு மாடி தள்ளி. தன் கல்லை உடைக்க ஜெர்மனிக்குப் பறக்கிற முதலாளி ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா: உங்கள் கடையில் நிற்கிற பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிவறைக்குப் போகலாம்?