எவ்வுள் என்னும் வினா

திருவள்ளூருக்குத் திருஎவ்வுள் என்பது பழம்பெயர். சாலிஹோத்ர மஹரிஷியிடம் முதியவராக எழுந்தருளி அன்னம் ஏற்ற எம்பெருமான், இளைப்பாறத்தக்க உள் எது என்று வினவ, முனிவர் தம் இருப்பிடத்தையே காட்டினார். பெருமான் அங்கேயே பள்ளிகொண்டான் என்பது ஸ்தல புராணம். கிங்கிருஹம் என்னும் வடமொழிப் பெயரும் அவ்வினாவையே குறிக்கும். ஆலயங்கள் யாவும் இவ்வொரு வினாவுக்கு மாந்தர் அளித்துவரும் விடைகளாம். அவ்விடையை ஒரு தலைமுறையே கூறி முடித்தல் இயலுமோ?

இம்மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கூரையிட்ட கூடங்கள் விரைவில் எழுகின்றன. இயந்திரம் மாறின் கூடமும் மாறும். அதில் குறையில்லை. பல குடும்பங்களுக்கு அன்னமளிக்கும் அவை இன்றைய தேவைக்கென எழுந்தவை. ஆலயமோ, கட்டுவோர் காணாத தலைமுறையினர்க்கும் உரியது.

திருவரங்கத்து ராயகோபுரம் இதற்குச் சான்று. விஜயநகர வேந்தர் காலத்தில் தொடங்கப்பெற்றுக் கீழ்ப்பகுதியோடு நின்றுபோன அதனை, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், அஹோபில மடம் 44ஆம் பட்டம் ஸ்ரீமத் அழகியசிங்கர் முதிர்ந்த பிராயத்தில் மேற்கொண்டு, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக 1987இல் நிறைவேற்றினார். திருஎவ்வுள் ஆலயமும் அம்மடத்தின் நிர்வாகத்தில் உள்ளதே. அன்று கல் அடுக்கியோர் கோபுரத்தைக் கண்டிலர். எனினும் அதன் பாரத்தைத் தாங்கும் வண்ணம் அடுக்கினர். காணாத ஒன்றுக்காகச் செவ்வனே உழைத்தலே அவர்தம் தர்மம்.

அங்ஙனமாயின் பழையதைத் தொடுதல் கூடாதோ எனின், அன்று. சுதை உதிரும்; வர்ணம் மங்கும். ஆதலின் 12 ஆண்டுகளுக்கொருமுறை பாலாலயம் செய்து, ஜீர்ணமானவற்றைச் செப்பனிட்டு, ஸம்ப்ரோக்ஷணம் நிகழ்த்துதல் மரபு. புதுப்பித்தலும் மரபின் அங்கமே. ஆயின் கல்வெட்டின்மேல் வர்ணம் பூசுதலும், கருங்கல் தளத்தை வழவழப்பான ஓடுகளால் மூடுதலும் புதுப்பித்தல் ஆகா. முன்னோர் சொல்லை மறைப்பவர், பின்னோர் செவியையும் அடைத்தவராவர். இன்று செய்யும் பணியை நாளை வருவோர் அறிந்து தொடர இயலுமா என்பதே திருப்பணிக்கு உரைகல்.

இப்பொறுப்பு ஸ்தபதிக்கும் தர்மகர்த்தாவுக்கும் மட்டும் உரியதன்று. ஹ்ருத்தாபநாசினியில் நீராடி வீரராகவனைச் சேவிக்க வரும் அடியார், தூணில் பெயர் கீறாமலும், சுவரில் எண்ணெய்க் கை துடையாமலும், தீர்த்தத்தில் துணி எறியாமலும் திரும்புவாராயின், அதுவும் திருப்பணியே. எவ்வுள் என்று பெருமான் இன்றும் வினவுகின்றான். நாளைய அடியார்க்கும் அவ்வுள் தூய்தாய் இருத்தல் வேண்டும்.

சுபம்.